ரெண்டு தட்டுப் படம்

ஏங்க, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து சாப்பிடாமப் படுத்துடாதீங்க. நீலத் தூக்குல ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. மத்தியானம் சிலிண்டர் வரும், எந்திரிச்சு வாங்கி வைங்க.

உங்களைக் கேக்காம சூப்பர்வைசர் வேலைக்கு ஒத்துக்கிட்டது தப்புதான். முன்னாடி பனியன் கம்பெனிக்கு ஒரே ஷிப்ட்ல போய் ஒண்ணா வந்தோம். இப்போ எனக்குப் பகல், உங்களுக்கு ராத்திரி. சண்டையை முடிக்கக்கூட மூஞ்சியப் பாக்க முடியலை.

என் லைன்ல இருக்கிற ஒடிசாப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. கழுத்துப் பட்டையைப் புறம் மாத்தித் தைச்சுட்டா, சாக்பீஸை எடுத்து டேபிள்லயே பனியன் வரைஞ்சு காட்டுவேன். தப்புக்குப் பெருக்கல் குறி, சரிக்கு டிக். சிரிச்சுக்கிட்டே பிரிச்சுத் தைச்சுத் தந்துடுவாங்க.

இந்தச் சீட்டுக்குப் பின்பக்கம் உங்களுக்கும் வரைஞ்சிருக்கேன். ஒரு படத்துல ஒரு தட்டு, இன்னொண்ணுல ரெண்டு தட்டு. எது சரின்னு நீங்களே குறி போட்டு வைங்க.

அபிராமி

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டக் குடுத்துட்டுப் போங்க.

(மறுநாள் சீட்டு)

ஏங்க, நேத்து வச்ச படத்துல ஒரு குறியும் போடலை. ஆனா தூக்கைக் கழுவிக் கவுத்தி வச்சிருந்தீங்க. அதை ரெண்டு தட்டுக்குப் போட்ட டிக்குன்னு எடுத்துக்கவா?