ஆறு அங்குலக் குறைவு

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் நலம்தான் எனக்குப் புரியவில்லை.

புது ரவிக்கைக்கு மகள் அனுப்பிய அளவில் ஆறு அங்குலம் குறைகிறது. முப்பது வருடமாக உனக்குத் தைப்பவனை ஏமாற்ற முடியுமா? தொலைபேசியில் அவளை அதட்டினேன்.

"எடை குறைஞ்சாதான் அம்மாவுக்குக் கிட்னி மாத்துவாங்களாம்ப்பா. வயித்தைச் சுருக்கி ஆபரேஷன் பண்ணிட்டோம். சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்தான். அதற்காக, டயாலிசிஸில் கிடக்கும் உடம்பைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு, ஆறு மாதமாக என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாயே! மன்னிக்க மாட்டேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. இந்த வெளியூர் அறையில் ஊசி கோத்துத்தரக்கூட ஆளில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்துவிட்டேன்; என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துமாம். அடுத்த மாதம் வருகிறேன். அதற்குள் எனக்குத் தெரியாமல் வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டால் பொறுக்க மாட்டேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

கோபத்தோடு,
உன் கணவன்