பெயர் கனக்கிறதாம்

மார்ச் 4, திங்கள்
யோக்யா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கினாந்தியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பதினாறாவது குரோமோசோமில் ஒரு துணுக்கைக் காணோமாம். நாலு வயதாகியும் மகள் பேசாததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். "புதுசா விட்டுப்போயிருக்கலாம். இல்ல, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கலாம். நீங்களும் ரத்தம் குடுங்க."
ரெண்டு பேரில் ஒருத்தர். நான் மனைவியைப் பார்த்தேன். லஸ்மி என்னைப் பார்க்கவில்லை — ஏன்?

மார்ச் 6
கல்யாண வீடுகளில் மைக் பிடித்துப் பேசியே சோறு தின்கிறவன் நான். பேச்சுக் குறை என் வம்சத்தில் ஏது? லஸ்மியின் அண்ணன் கர்யோதான்! நலமா என்று கேட்டால் மூன்றாம் நாள் தலையாட்டுகிற ஆசாமி.

மார்ச் 10
லஸ்மியோடு மாமனார் வீட்டுக்குப் போனேன். பெயருக்குச் சோயாத் தெம்பே வறுவல், உண்மையில் உளவு. "கர்யோ அண்ணே, நீங்க சின்ன வயசுல எப்ப பேச ஆரம்பிச்சீங்க?"
"நீ நிறுத்தினா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."
சந்தேக ஆசாமிக்கு வாய் நன்றாகவே இருக்கிறது.
திரும்பும்போது வண்டியின் பின் சீட்டிலிருந்து லஸ்மி, "எங்க வீட்டுல குத்தம் தேடத்தானே வந்தீங்க?" என்றாள். மழை இரைச்சலில் கேட்காத மாதிரி ஓட்டினேன். மழை பெய்யவில்லை.

மார்ச் 17
அக்கா துமினா வந்துவிட்டாள், பெயர் மாற்றும் சடங்குக்கான சிவப்புக் கஞ்சி ஒரு சட்டி, வெள்ளைக் கஞ்சி ஒரு சட்டி. "பேரு கனக்குதுடா! கினாந்தி லாரஸ் ஹப்சாரி — பிஞ்சு எப்படித் தாங்கும்? சாரின்னு சின்னதா மாத்தி வை." லஸ்மி உள்ளே போய்க் கதவடைத்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள்: "அவ வீட்டுப் பக்கம்தான்டா ஏதோ இருக்கு. இது ரத்தத்துல தெரிஞ்சுட்டா அவளால இங்க தலை நிமிர முடியுமா?"
எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கக்கேடு. ஆனாலும் சந்தோஷம்.
அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்கும் இதே கஞ்சிதானே வச்சோம். குசுமநிங்ராத்னு பேரு, அஞ்சு வயசு வரைக்கும் வாயே தெறக்கல. வலூயோன்னு மாத்தினதும்தான் பேசின."
கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தேன். காய்ச்சலுக்காகப் பெயர் மாற்றியதாக அல்லவா எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்?

மார்ச் 18
மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். வாத்தியார் சரியில்லை என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.
இரண்டு வருடமும் வேறு வேறு வாத்தியார்.
லஸ்மியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 9
நான்தான்.
என் ரத்தத்திலும் அதே துணுக்கைக் காணோம். எனக்குப் பாதிப்பு லேசாகப் போயிற்று, பிள்ளைக்குக் கூடுதலாக, அப்படியும் ஆவதுண்டாம். லஸ்மி காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.
அக்காவுக்கு நானே போன் செய்தேன். "எங்கிட்டேருந்துதான்க்கா. இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத." "சரி, என் கஞ்சிச் சட்டி ரெண்டையும் குடுத்தனுப்பு" என்றாள்.

ஏப்ரல் 22
கினாந்தியைப் பேச்சுப் பயிற்சியில் சேர்த்தோம். படிவத்தில் பெயருக்கு விட்ட இடம் போதவில்லை; ஓரத்தில் மடக்கிப் பெயரின் மூன்று பகுதியையும் எழுதினேன். அடுத்த கேள்வி: குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா? பேனா நின்றது. அன்று கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னதைக் கேட்டிருந்த லஸ்மி அதைப் பிடுங்கி எழுதினாள்:
அப்பா. ஐந்து வயதில். இன்னும் நிறுத்தவில்லை.