மச்சானுக்குப் போன மாத்திரை

என் ஆசை மச்சான் கன்னியப்பனுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி சறுக்கி விழுகிறது. மன்னித்துக்கொள். சேலையூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே பழகிய கை இது. ஒரு ‘ழ’ போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் முழுக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன். நம்ப முடிகிறதா?

உன்னைக் கொண்டுபோன அதே நோய் எனக்கும் வந்தது. பதறாதே, முழுசாகச் சொல்கிறேன்.

பல் பிடுங்கப் போனேன். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் சி. கல்லீரலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிருமியாம். உனக்கு ஏன் மச்சான் முன்னாடியே ஒரு பல்கூட வலிக்கவில்லை?

“கையில பச்சை குத்தியிருக்கீங்களே, எப்போ?” என்று டாக்டர் கேட்டார். கோவில் திருவிழாவில் ஒரே ஊசியில் உனக்கு ஒரு தேள், எனக்கு ஒரு தேள். நீ போட்ட கூச்சலில் பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தானே! அந்த ஊசிதானா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உன் தங்கைதான் ஆடிப்போய்விட்டாள். வயிறு வீங்கி நீ படுத்திருந்தது செண்பகத்தின் கண்ணைவிட்டுப் போகவில்லை. “எங்கண்ணன தூக்கிக் குடுத்தது போதும்யா. உன்னயும் குடுக்க மாட்டேன்” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். உன் நோய் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம், ஒரு நாள்கூட விடக்கூடாது. அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது.

அன்றிலிருந்து உன் படத்துக்கு முன்னால் நின்றுதான் மாத்திரை போட்டேன். செண்பகத்துக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. விளக்கேற்றிவிட்டு, “ண்ணா, நல்லா பாத்துக்கோ. முழுங்குறாரா, கன்னத்துல ஒதுக்கிக்கினு கீறாரா?” என்பாள். நானும் வாயைத் திறந்து உனக்குக் காட்டுவேன். பார்த்திருப்பாயே?

நடுவில் உன் நினைவு நாள் வந்தது. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, பீடிக்கட்டு என்று உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில். காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனவள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“இன்னாடி?”

“சோத்து மேல உன் மாத்திரை ஒண்ணு வெச்சேன்யா. பாவம், எங்கண்ணனுக்கு அது கெடைக்கலையே.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சோறும் இல்லை, மாத்திரையும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒன்று குறைந்தால் இத்தனை நாள் சாப்பிட்டதும் வீணா? இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாத்திரை தருகிற நர்ஸம்மா கேட்டார்.

“ஒண்ணு கொறையுதா? யாருக்குக் குடுத்தீங்க தாத்தா?”

“என் மச்சானுக்கும்மா.”

“அய்யய்யோ, அப்படில்லாம் குடுக்கக் கூடாது. அவர நேர்ல வரச் சொல்லுங்க, டெஸ்ட் எடுக்கணும்.”

“அண்ணன் வராதும்மா,” என்றாள் செண்பகம். “அது செத்து நாலு வருசம் ஆவுது.”

நடந்ததைக் கேட்டு நர்ஸம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நிமிர்ந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. “ஒண்ணும் வீணாகலம்மா. அவர் ஒரு நாளும் விடலையே? கொறஞ்சத நான் தரேன். இனிமே அண்ணனுக்கு வெறும் வஞ்சிரம் போதும்.”

அந்த மாத்திரை உனக்கு வந்து சேர்ந்ததா மச்சான்? இல்லையென்றால், எங்கள் தெருவில் ஒரு காக்கைக்கு மட்டும் கல்லீரல் படு ஜோராக இருக்கும்.

மாத்திரை முடிந்த பிறகும் மூன்று மாதம் பொறுத்துத்தான் கடைசிப் பரிசோதனை. அந்த மூன்று மாதம்தான் கஷ்டம். சிட்லபாக்கம் தெருக்களில் மீன் விற்றுவிட்டு வந்து கொஞ்சம் அசந்து படுத்தால்கூட, மஞ்சளா என்று என் கண்ணை விரித்துப் பார்ப்பாள் உன் தங்கை.

இன்று காலை முடிவு வந்தது. “கிருமி இல்ல பெரியவரே. குணமாயிடுச்சு” என்றார் டாக்டர். “இன்னொரு தபா சொல்லுங்க சார்” என்றாள் செண்பகம். மறுபடி சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றாள். “நீயே எழுதிச் சொல்லுய்யா. நான் சொன்னா அழுதுருவேன்” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதோ, அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே என்னவோ பாடுகிறாள். நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்காத சத்தம். இனி அவளைத் தனியாக விடமாட்டேன், இது சத்தியம். அடுத்த வாரம் கை இன்னும் கொஞ்சம் பழகியிருக்கும். அவள் பாடுவது என்ன பாட்டு என்று கேட்டு, வரி வரியாக உனக்கு எழுதுகிறேன்.

உன் தங்கை புருஷன்,
ஏழுமலை