கடைக்கால் நிற்காத இடம்

ஜூன் 3, செவ்வாய்
காலையில் தூறல், பிறகு வெயில். பின்பக்க அறைக்கு கடைக்கால் தோண்ட ஆரம்பம். அடுத்த மாசம் மகள் தீபாவுக்கு பிரசவம். ஒரே அறையில் மாமனாரோட சேர்த்து நாங்க மூணு பேர். குழந்தையை எங்க போடறது?
பழைய சுவரை இடிச்சப்ப, பச்சை பெயிண்டுக்குள்ள சிமெண்ட், அதுக்குள்ள மண், அதுக்கும் உள்ள மூங்கில் தட்டி. இங்க தங்கச் சுரங்க வேலைக்கு வந்த முதல் ஆளுங்க கட்டினது.
பால் ஒரு பாக்கெட் கூடுதல்.

ஜூன் 4, புதன்
புழுக்கம். இடுப்பளவு குழி. மேஸ்திரி பிடிச்ச பீடிப்புகை மேல போகலை, குழிக்குள்ள இறங்குச்சு. ரெண்டு பேரும் பார்த்தோம். பீடியை அணைச்சுட்டார்.
என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு பெங்களூர் ரயில்ல வந்ததும் சொன்னேன். சிரிச்சார்.

ஜூன் 6, வெள்ளி
நேத்து போட்ட கான்கிரீட் ஒரு முழம் கீழ. விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. வீட்டுக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாங்க.

ஜூன் 7, சனி
அதுவும் இறங்கிடுச்சு. மேஸ்திரி சாமானை எடுத்துக்கிட்டு போயிட்டார். போன் எடுக்கலை.
மாமா குழி ஓரமா வெறுங்காலோட நின்னார். சுரங்கம் மூடற வரைக்கும் உள்ள வேலை செஞ்சவர். இன்னா பார்க்கறீங்கன்னு கேட்டேன்.
"கீழயும் நாங்க கட்டினதுதாம்மா. கல்லு அடுக்கி, மரம் முட்டுக் குடுத்து. ஆளில்லாம விட்டா அது மட்டும் எத்தினி நாள் நிக்கும்?"
சுரங்கம் எந்தப் பக்கமா போவுதுன்னு கேட்டேன். சமையல்கட்டுப் பக்கம் மோவாயைக் காட்டினார்.
சாம்பார் அடிப்பிடிச்சுது.

ஜூன் 9, திங்கள்
இடிச்ச சுவரோட கல்லையும் மண்ணையும் போட்டே குழியை மூடினோம். பக்கத்து வீட்டு அக்கா, ரூம் இன்னா ஆச்சுன்னாங்க. வேணாம்னு விட்டுட்டோம்னேன். அவங்களுக்கும் எங்களுக்கும் சுவர் ஒண்ணுதான்.

ஜூன் 10, செவ்வாய்
மனசு கேக்கலை. போய் எல்லாத்தையும் சொன்னேன். அக்கா உள்ள கூட்டிட்டுப் போய் பீரோவைக் காட்டினாங்க. ஒரு பக்கத்துக் காலுக்கு மட்டும் அட்டை. அட்டை மேல அட்டை.
"போறதுக்கு எங்களுக்கு வேற இடம் ஏது?"ன்னாங்க.

ஜூன் 12, வியாழன்
ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக்கு ரெண்டு அறை கிடைச்சுது. மாமா முதல் ஆளா ஆட்டோவில் ஏறி உக்கார்ந்தார்.
வீட்டுக்காரர் கதவைப் பூட்டப் போனார். நேத்து பூட்டின கதவு. தாழ்ப்பாள் நுழையற ஓட்டை இன்னிக்கு ரெண்டு விரல் கீழ. தூக்கிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். அக்கா அவங்க வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க.
வாங்க போலாம்னேன். சும்மா சாத்திட்டு வந்தோம்.