கோயில் கூரையான தோணிப் பாய்

ஏளா இசபெல்லா,

என் மகனுக்கு உன் மகளைத் தர மறுத்ததை நான் மறக்கவில்லை. இது வேறு விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் கோயிலை வளர்த்தவர்களின் படங்களைத் திறக்கிறார்கள். என் வீட்டுக்காரர் படம் உண்டு. உன் வீட்டுக்காரர் படம் இல்லை. புயலில் கோயில் கூரை பறந்தபோது அவர்தானே தம் தோணிப் பாயை அவிழ்த்து மேலே கட்டினார்? கூரை போடும்வரை அதன் கீழேதான் பூசை நடந்தது. பாய் இல்லாததால் அதுவரை அவர் கடலுக்கே போகவில்லை.

உன் வீட்டுக்காரர் இனிகோ படம் எங்கே என்று போய் நின்றால், புதுப் பங்குச் சாமியார் கேட்கிறார், "இனிகோவா? அது யாரு பாட்டி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவரு படம் இல்லாம எம் புருஷன் படத்தையும் மாட்டப்படாது சாமி" என்று சொல்லி, படத்தை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன்.

அதிலிருந்து தூக்கமில்லை. உன் வீட்டுக்காரர் படத்தோடு சனிக்கிழமையே தூத்துக்குடியில் பஸ் ஏறு. என் வீட்டில்தான் தங்க வேண்டும். சோறு போடுவேன், பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குச் சம்பந்தியாக முடியாமல் போனவள்