வெள்ளிக்கிழமை சைரன் அடிக்கும்

நெட்டுக்குப்பம் மக்கள் எல்லோருக்கும் உங்கள் கவுன்சிலர் ரஞ்சித் வணக்கத்தோடு எழுதுவது.

மழைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கடிதம் இது. வழக்கமாக நான் எழுதுவேன், என் மனைவி வினிதா திருத்துவாள். மீன் ஏலம் முடிந்ததும் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து உங்களுக்குப் படித்தும் காட்டுவாள். இந்த முறை திருத்த ஆள் இல்லை. மெஷினோடு வரும் புத்தகம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

முதலில் ஊர் விஷயம். பள்ளிக்கூடத் தெரு மழைநீர் கால்வாய் பாதியில் நிற்கிறது, மேலே மூடியும் இல்லை. மண்டலக் கூட்டத்தில் கேட்டேன். பொங்கலுக்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். அதுவரை பிள்ளைகளை அந்த ஓரமாக விளையாட விடாதீர்கள். முகத்துவாரத்தில் மண் அள்ள உத்தரவு வந்துவிட்டது, மெஷின் வரவில்லை. மெஷினைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை நல்ல செய்தி என்று எழுதுவேன்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் விட்டுப்போனவர்கள் ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு காலையில் என்னிடம் வாருங்கள். துக்க வீடு என்று தயங்கி வாசலோடு திரும்பிப் போகிறீர்கள். நான் உள்ளே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை இருந்தால் எனக்கும் நல்லது.

இன்னொன்று. வினிதா இறந்தது நச்சுக் காற்றாலா என்று வெளியூர்க்காரர்கள்கூடக் கேட்கிறார்கள். இல்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, தலை வலிக்கிறது என்றாள், அவ்வளவுதான். டிப்ளமோ படித்தவன், எந்தக் கருவி எதை முன்கூட்டிச் சொல்லும் என்று தெரிந்தவன் நான். அதைச் சொல்ல ஒரு கருவியும் நம் வீட்டில் இல்லை.

முன்கூட்டிச் சொல்லக்கூடியதற்கு நம் ஊரில் கருவி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அமோனியா வாடை வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். அறிக்கை வராமல் யார் பெயரையும் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் மைதானத்துக்கு ஓடிவிட்டீர்கள். கெங்கம்மா ஆயா மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டார். கண் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். ஏன் வெளியே வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

“வாட வந்துச்சு நைனா. ஆனா அது கூவலியே. அது கூவலைன்னா ஒண்ணும் இல்லன்னு படுத்துகினேன்.”

அவர் ‘அது’ என்றது கோயில் கொட்டகையில் நாம் வைத்த சைரனை. அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கருவி சரியாக வேலை செய்திருக்கிறது. காற்றில் அமோனியா அளவு ஏறியதைப் பதிந்திருக்கிறது, சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயர் மட்டும் கழற்றியிருந்தது. அழகாகச் சுற்றி, நுனிக்கு டேப் ஒட்டி, மழை படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டியிருந்தது.

கோயில் மைக்செட் பார்க்கும் பாஸ்கர் மறைக்கவில்லை. சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை நம் ஊரில் மைக் போடுவதில்லை. வினிதா இறந்தபோது அந்த வழக்கப்படி சைரனையும் கழற்றியிருக்கிறான். காரியம் முடிந்த மறுநாள் மாட்டப் போனவனைப் பெண்கள் தடுத்திருக்கிறார்கள். அவனை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது மீன் விற்கும் கன்னியம்மா அக்கா குறுக்கே வந்தார்.

“அவன இன்னாத்துக்குக் கேக்குற? நாங்கதான் வாணாம்னோம். வாரா வாரம் அந்தப் பொண்ணு கொரலக் கேட்டுகினு நீ எப்டி சோறு துன்னுவே?”

சைரனுக்குப் பிறகு பேசுவது வினிதாவின் குரல். வெள்ளிக்கிழமை பத்து மணி சோதனையில் நீங்கள் எல்லோரும் கேட்டதுதான். அது இத்தனை வாரம் அடிக்கவில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. எந்த நாள் வெள்ளி என்று தெரியாமல் இருந்தேன். எனக்காக ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

ஊர்த் தலைவர் ஜெகதீசன் வேறு குரல் பிடித்துப் போட்டுவிடலாம் என்றார். சரியென்று என் குரலிலேயே பதிந்து போட்டுக் காட்டினேன். தூங்குகிறவன் இன்னும் நன்றாகத் தூங்குவான் என்றார் கன்னியம்மா அக்கா. வினிதாவும் முதலில் அதையேதான் சொன்னாள். அதனால்தான் அவள் பேச வேண்டி வந்தது.

நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. ஈரத்துணியை மூக்கில் கட்டுங்கள், மைதானத்துக்கு நடங்கள். அவளாக ஒன்று சேர்த்தாள்: “பூட்டு தேடிகினு நிக்காதீங்க. வூடு எங்கயும் போவாது. புள்ளைங்களத் தூக்கிகினு நடங்க.” இதெல்லாம் அரசாங்க அறிவிப்பில் வரக் கூடாது என்று நான் சண்டை போட்டேன். நம்ம ஜனங்க முதலில் பூட்டைத்தான் தேடும் என்றாள். முதல் சோதனை அன்று பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் கையில் பூட்டோடு நின்றிருந்தீர்கள். குரல் வந்ததும் சிரித்துக்கொண்டு நடந்தீர்கள்.

அந்தக் குரல் கேட்டால்தான் நீங்கள் நடப்பீர்கள். அதனால் மாற்றவில்லை. நேற்று நானே ஒயரை மாட்டினேன். சத்தம் போட்டுப் பார்க்கவில்லை, மீட்டர் வைத்துத்தான் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அடிக்கும். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்காக இனி யாரும் அதைக் கழற்றாதீர்கள். பாஸ்கரையும் திட்டாதீர்கள். கெங்கம்மா ஆயா வீடு திரும்பிவிட்டார். அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக இரண்டு பேர் வேண்டும்.

நான் என் வீட்டு வாசலில்தான் நிற்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம். அவள் சொல்கிறபடி நடங்கள். தெருவில் கடைசி ஆள் கிளம்பியதும் நானும் பின்னால் வருகிறேன்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நல்ல காற்றில் நெடுநாள் மூச்சு விட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
ரஞ்சித்