வம்சாவளிப் பக்கம்

புக்கிட் மெர்தாஜாம்
6.5.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் பிள்ளை பத்மாவதியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அம்மா போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. அவர் படுத்த கட்டிலை இன்னும் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அம்மாவின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். அதில் வரும் வம்சாவளிப் பக்கத்தில் என் கணவர் அய்யாக்கண்ணுவின் பெயரையும் மகள் ஜெயலெட்சுமியின் பெயரையும் மறக்காமல் சேருங்கள். பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலில் அவர் பெயர் அவசரத்தில் விடுபட்டது என்றீர்கள். நம்பினேன். புத்தகத்துக்கு அவகாசம் இருக்கிறது.

அவர் பத்து காவான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன்தான். இங்கே வந்த முதல் வருடம் அவர் கொடுத்த தண்ணீரைக்கூட அம்மா குடிக்கவில்லை. கடைசி மூன்று வருடமும் பஸ் ஓட்டிவிட்டு வந்த கையோடு அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்றவர் அவர். இதை அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை
கமலாம்பிகை

பினாங்கு
12.5.1984

அன்புத் தங்கை கமலத்துக்கு,

கடிதம் கண்டேன். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஒருவருக்கும் குறை வராமல் பார்த்துக்கொள்வது மூத்தவன் என் பொறுப்பு. வம்சாவளியை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

பத்மாவதிக்குக் கோலாலம்பூரில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். மாப்பிள்ளை டாக்டர். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், எந்தப் பகுதி, கொண்டான் கொடுத்தான் யார் என்று விசாரிக்காமல் அவர்கள் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார்கள். அந்தியேட்டிக்கு அவர்களும் வருகிறார்கள். ஆகையால் நீ மகளோடு முதல் நாளே வந்து சமையலுக்குத் துணையாக நில். பஸ் வேலையில் அவருக்கு லீவு கிடைப்பது சிரமமாக இருக்கும், வற்புறுத்தாதே. நான் சொல்வது உனக்கு விளங்கும்.

அம்மாவின் சேலைகளில் இரண்டை அண்ணி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்பு அண்ணன்
தியாகராஜா

புக்கிட் மெர்தாஜாம்
29.5.1984

அண்ணாவுக்கு,

அந்தியேட்டியன்று நான் சாப்பிடாமல் கிளம்பியது அண்ணிக்கு வருத்தமாக இருந்திருக்கும். அறுபது பேருக்குக் காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். சேலைகளை அங்கேயே வைத்துவிட்டேன்.

புத்தகத்தை முதலில் வாசித்தவள் ஜெயலெட்சுமி. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தடுக்காமல் வாசிப்பாள். "அம்மா, உங்க பேருக்கு முன்னால செல்வின்னு போட்டிருக்கு. கல்யாணம் ஆகாதவங்களுக்குத்தானே அப்படிப் போடுவாங்க? என் பேரு எங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். இது யாருடைய பிள்ளை என்று மாப்பிள்ளையின் தாயார் விசாரித்தார். "தங்கச்சி எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

பத்மாவதியின் சம்பந்தத்தை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம் பெரிது.

ஃபெரியில் கடல் தாண்டி வரும்போது, "என்னை எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்று பிள்ளை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வம்சாவளிப் பக்கத்தையும் பார்த்தார். "அம்மா போட்டோ தெளிவா விழுந்திருக்கு லா" என்றார். பிள்ளை கேட்டதை நான் சொன்ன பிறகுதான் எழுந்து போய் அவளுடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்து வந்தார். பெற்ற மகளுக்கு, தகப்பன் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை விரல் வைத்துக் காட்டினார்.

"அப்ப பாட்டி புத்தகத்தில இருக்கிறது பொய்யா?" என்றாள். ஆமாம் என்றேன். அம்மாவின் படம் போட்ட புத்தகத்தைப் பற்றி என்னை அப்படிச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பத்மாவதியின் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அழைப்பு அனுப்ப வேண்டாம். நீங்கள் அச்சடித்த செல்வி கமலாம்பிகை இந்த முகவரியில் இல்லை.

திருமதி கமலாம்பிகை அய்யாக்கண்ணு